எழுதப்படாத ரன்கள்: கெவின் கியர்மையரின் ஆட்ட வாழ்க்கை

2013 செப்டம்பர் 30 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் டாம்பா பே ரேஸ் அணியும் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியும் மோதின. மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். அவை முடிந்தும் இரண்டு அணிகளும் சமநிலையில் நின்றதால், அடுத்த கட்டத்துக்குப் போவது யார் என்பதைத் தீர்க்க 163-ஆவதாக ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. ஒன்பதாவது இன்னிங்ஸில் ரேஸ் அணி முன்னிலையில் இருந்தபோது, மேஜர் லீக்கில் அதுவரை ஒரு பந்தைக்கூடச் சந்தித்திராத 23 வயது இளைஞர் ஒருவரை மைதானத்தின் நடுப்பகுதியைக் காக்க இறக்கினார்கள். அவர் பெயர் கெவின் கியர்மையர். அன்று அவர் மட்டையைத் தொடவில்லை; பருவம் முழுவதற்குமான தீர்ப்பு மூன்று அவுட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ரன் எடுப்பதற்காக அல்லாமல் ரன் போகாமல் தடுப்பதற்காகவே அவரது முதல் ஆட்டம் அமைந்தது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் காயமடைந்தவருக்குப் பதிலாக ஃபீல்டிங் செய்ய ஒருவர் வந்துபோகலாம். உரியவர் திரும்பி வந்து பேட்டிங்கும் செய்யலாம். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. ஆகவே ஃபீல்டிங்குக்காக ஒருவரை உள்ளே கொண்டுவருவது என்பது, அவருக்கு இடம் விட்டவரின் பேட்டிங்கை அன்றைக்கு முற்றாகத் துறப்பதாகும். அந்த விலையைக் கொடுத்து அறிமுக ஆட்டக்காரர் ஒருவரை ஓர் அணி இறக்குகிறது என்றால், அவரது கால்களின் மேலும் கையுறையின் மேலும் அந்த அணிக்கு இருந்த நம்பிக்கை சாதாரணமானதாக இருக்க முடியாது.

அந்த நம்பிக்கைக்கு ஆரம்பத்தில் பெரிய ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் 1990 ஏப்ரல் 22 அன்று பிறந்த கியர்மையர், இல்லினாயில் உள்ள பார்க்லேண்ட் கல்லூரி என்ற இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் ஆடியவர். 2010-ஆம் ஆண்டின் டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், 31-ஆவது சுற்றில் 941-ஆவது பெயராக ரேஸ் அணி அவரை எடுத்தது. அந்த இடத்தில் எடுக்கப்படுபவர்களில் மேஜர் லீக்கை எட்டிப் பார்ப்பவர்களே மிகக் குறைவு. இன்று டிராஃப்ட் 20 சுற்றுகளோடு முடிந்துவிடுகிறது. இப்போதைய விதியின்படி கியர்மையரின் பெயர் அழைக்கப்பட்டே இருக்காது.

சென்டர் ஃபீல்டர் என்ற இடத்தின் தன்மையைப் பார்க்கலாம். பேஸ்பால் மைதானம் பேட்டர் நிற்கும் முனையிலிருந்து விசிறிபோல 90 பாகை விரிகிறது. அதன் வெளிப்பரப்பை மூன்றே பேர் காக்கிறார்கள். அவர்களில் நடுவில் நிற்பவருக்குத்தான் பரப்பும் அதிகம், பொறுப்பும் அதிகம். உயரமாக அடிக்கப்பட்ட ஒரு பந்து தரையைத் தொட நான்கு அல்லது ஐந்து விநாடிகள் ஆகும். மட்டையில் பந்து பட்ட ஒலியும் அது கிளம்பிய கோணமும் மட்டுமே துணையாக, எந்தத் திசையில் ஓடுவது, பந்துக்கு முதுகைக் காட்டி ஓடுவதா அல்லது பக்கவாட்டில் சாய்ந்து ஓடுவதா என்பதை முதல் அரை விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். வேகம் இருந்தும் முதல் அடியை எதிர்த்திசையில் வைப்பவர், வேகம் குறைவாக இருந்தும் நேர்கோட்டில் செல்பவரிடம் தோற்றுப்போவார். கியர்மையரிடம் இரண்டும் இருந்தன. முன்னால் விழும் பந்துக்குப் பாய்ந்து விழுவதிலும், பின்னால் போகும் பந்துக்குச் சுவரில் மோதிக்கொண்டு எழும்புவதிலும் தயக்கம் என்ற ஒன்று அவரிடம் இல்லை. அந்தத் தயக்கமின்மைக்கு அவர் கொடுத்த விலையைப் பின்னர் பார்ப்போம். பந்தைப் பிடித்தபின் தளத்துக்கு (ரன் எடுக்க ரன்னர்கள் வரிசையாகத் தொட்டுவர வேண்டிய இடங்களுக்கு) எறியும் கையும் வலுவானது என்பதால், மற்றவர்கள் நின்ற இடத்தில் ஓர் அடி கூடுதலாக ஓடத் துணியும் ரன்னர்கள் அவர் நிற்கும்போது யோசித்தார்கள்.

இப்படிப்பட்ட திறமையை நெடுங்காலம் பேஸ்பாலால் எண்ணில் பிடிக்க முடியவில்லை. பேட்டிங்கில் நடப்பதெல்லாம் கணக்கில் ஏறும். ஃபீல்டிங்கின் சாரமோ நடக்காமல் போனவற்றில் இருக்கிறது. பேட்டர் இரண்டாம் தளம் வரை ஓடிவிடும் இரண்டு தள அடியாகப் போயிருக்க வேண்டிய பந்து பிடிபட்டால், ஏட்டில் அது வெறும் ஓர் அவுட். சாதாரணமாகக் கையில் வந்து விழுந்த பந்தும் அதே ஓர் அவுட்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பயன்பட்டுவந்த அளவுகோல் பிழைகளை மட்டும் எண்ணியது. கைக்கு எட்டிய பந்தை நழுவவிட்டால் பிழை; பந்தை எட்டவே முடியாதவருக்குப் பிழை கிடையாது. ஆகவே மந்தமாக நகர்ந்து, எட்டியதை மட்டும் ஒழுங்காகப் பிடிப்பவர் ஏட்டில் சிறந்த ஃபீல்டராகத் தெரிவார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தக் குறை புதிதன்று: கேட்ச் பிடித்தவர் பெயர் ஸ்கோர் அட்டையில் வரும், பாயிண்ட்டில் பாய்ந்து தடுத்த நான்கு ரன்கள் எங்கும் வராது.

கண்ணால் பார்த்து அளிக்கப்பட்ட விருதுகளும் இதைச் சரிசெய்யவில்லை. 1957 முதல் வழங்கப்படும் கோல்ட் க்ளவ் விருதுக்கு அணிகளின் மேலாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களிக்கிறார்கள். 1999-இல் முதல் தளத்தில் வெறும் 28 ஆட்டங்களில் மட்டும் நின்ற ராஃபேல் பால்மெய்ரோவுக்கு அந்த இடத்துக்கான விருது கிடைத்தது. பழைய புகழும் பேட்டிங் பெருமையும் சேர்ந்து வாக்குகளை இழுத்துவிட்டன. ஃபீல்டிங் புள்ளிவிவரங்களுக்கும் அந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ கால் பங்கு இடம் 2013-இல்தான் கிடைத்தது. கியர்மையர் மேஜர் லீக்குக்கு வந்ததும் அதே ஆண்டு.

அதற்குள் வேறு வகைக் கணக்குகள் பிறந்திருந்தன. அவற்றில் பரவலானது, தடுத்து மிச்சப்படுத்திய ரன்களை மதிப்பிடுவது. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அதை டிஆர்எஸ் என்கிறார்கள். நம் வாசகர்களுக்கு அந்த எழுத்துகள் நடுவரின் முடிவை மேல்முறையீடு செய்வதைத்தான் நினைவூட்டும், இது அதுவன்று. ஒவ்வோர் ஆட்டத்தின் காணொளியையும் பார்த்து, ஒவ்வொரு பந்தும் எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில், எவ்வகை வளைவில் விழுந்தது என்று குறித்துவைப்பார்கள். அப்படிப்பட்ட பந்துகளில் நூற்றுக்கு முப்பதைத்தான் சென்டர் ஃபீல்டர்கள் பிடிக்கிறார்கள் என்றால், அதைப் பிடித்தவருக்கு 0.7 வரவு, விட்டவருக்கு 0.3 பற்று. பருவம் முழுதும் சேரும் இந்தப் பின்னங்களை ரன்களாக மாற்றி, எறிதலின் மதிப்பையும், சுவரைத் தாண்டிப் போகவிருந்த பந்தைப் பறித்ததன் மதிப்பையும் சேர்த்தால் ஒரே எண் கிடைக்கும். சராசரி ஃபீல்டர் பூஜ்யம். 15 என்றால் சிறப்பு. 20-ஐத் தாண்டினால் அந்த ஆண்டின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர்.

2015-இல் கியர்மையர் எடுத்தது 42.

2003 முதல் கணக்கிடப்பட்டுவரும் அந்த அளவீட்டில், ஒரே பருவத்தில் அதுவரை எந்த ஆட்டக்காரரும் அவ்வளவு உயரத்தைத் தொட்டதில்லை. பத்து ரன்களுக்கு ஒரு வெற்றி என்ற வழக்கமான கணக்கின்படி, வேறொரு சராசரி சென்டர் ஃபீல்டர் நின்றிருந்தால் ரேஸ் அணி அந்த ஆண்டில் ஏறத்தாழ நான்கு ஆட்டங்களைக் கூடுதலாகத் தோற்றிருக்கும். அந்த ஆகஸ்டில் பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தில் பால்டிமோர் அணியின் மேனி மச்சாடோ அடித்த பந்து சுவருக்கு மேலாகச் செல்கையில், ஓடிவந்து எழும்பி, உடலின் பெரும்பகுதி சுவரின் விளிம்புக்கு மேலே தெரிய அதைப் பறித்தெடுத்த காட்சி இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுகிறது. ஆனால் அத்தகைய காட்சிகள் மட்டும் 42-ஐக் கொடுத்துவிடாது. மற்றவர்கள் பாய்ந்து விழுந்து பிடிக்கும் பந்துகளை அவர் நின்றபடியே பிடித்ததும், மற்றவர்களுக்கு முன்னால் விழுந்துவிடும் பந்துகளை எட்டியதும்தான், பார்ப்பவரின் நினைவில் தங்காத அந்தப் பிடிகள்தான், கணக்கை ஏற்றின. அவ்வாண்டு கோல்ட் க்ளவ் விருதோடு, லீக்கின் எல்லா இடங்களிலும் சிறந்த ஃபீல்டருக்கான பிளாட்டினம் க்ளவ் விருதும் அவருக்குக் கிடைத்தது.

இந்த எண்ணை அப்படியே வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. ஒரு பருவத்தின் ஃபீல்டிங் கணக்கில் தற்செயலின் பங்கு அதிகம். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பத் தகுந்தது என்று இக்கணக்குகளை ஆக்கியவர்களே எச்சரித்துவந்தார்கள். அதே ஆண்டுக்கு வேறொரு அளவீடு அவருக்குச் சுமார் 30 ரன்களையே தந்தது. காணொளியைப் பார்த்து மனிதர் குறிக்கும் இடங்களில் பிசகு இருக்கக்கூடும். ஃபீல்டர் முதலில் எங்கே நின்றார் என்பதை அன்றைய கணக்குகள் சரியாகப் பிரித்தறியவில்லை. ஆனாலும், வெவ்வேறு கணக்கு முறைகள் ஒரே பெயரை உச்சியில் காட்டின என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 2015-இலேயே எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ராடாரும் கேமராக்களும் கொண்ட ஸ்டாட்காஸ்ட் அமைப்பு நிறுவப்பட்டு, ஃபீல்டரின் ஓட்டமே விநாடி விநாடியாக அளக்கப்படலாயிற்று. 2020 முதல் அதன் கண்களாக இருப்பது கிரிக்கெட் ரசிகர்கள் நன்கறிந்த ஹாக்-ஐ தொழில்நுட்பம். அந்தக் கணக்குகளும் கியர்மையரைக் கீழே இறக்கவில்லை.

அளக்கத் தெரிந்துவிட்டால் கூலியும் அதற்கேற்ப வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது வேறு. மேஜர் லீக்கில் ஓர் ஆட்டக்காரர் முதல் ஆறு பருவங்களுக்குத் தன் அணிக்குக் கட்டுப்பட்டவர். முதல் சில ஆண்டுகளில் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே பெறுவார். 2015-இல் அந்தக் குறைந்தபட்சம் 5,07,500 டாலர். அதன்பின் வரும் நடுவர் தீர்ப்பு முறையில் ஊதியம் உயரும். ஆனால் அங்கே எடுபடுவது ஹோம் ரன்களும் (சுவரைத் தாண்டும் அடிகளும்) தன் அடியால் உள்ளே கொண்டுவந்த ரன்களும் போன்ற பழைய எண்கள்தான், தடுத்த ரன்கள் அல்ல. ஆகவே ஃபீல்டிங்கால் வாழும் ஒருவருக்குப் பாதுகாப்பான வழி நீண்டகால ஒப்பந்தம் ஒன்றே. 2017 மார்ச்சில் ரேஸ் அணி அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 5.35 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. லீக்கிலேயே சிக்கனமான அணிகளில் ஒன்றுக்கு அது பெருந்தொகை. அந்த அணியின் கணக்குப்படி மலிவான தொகையும்கூட. பேட்டரைச் சந்தை விலையில் வாங்க வசதியில்லாத அணி, சந்தை இன்னும் முழுதாக விலையிடாத ஒன்றில் பணத்தைப் போட்டது. ரேஸ் அணியின் நிர்வாகத்தைப் புகழ்பவர்கள் இதைக் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். ஆட்டக்காரரின் பக்கம் நின்று பார்த்தால், தன் உழைப்பின் முழு விலையையும் கேட்க வாய்ப்பில்லாமலேயே கையெழுத்திட்டவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மறுபுறம், 2015 டிசம்பரில் ஜேசன் ஹேவர்ட் என்ற இன்னொரு சிறந்த அவுட்ஃபீல்டருக்குச் சிகாகோ கப்ஸ் அணி எட்டு ஆண்டுகளுக்கு 18.4 கோடி டாலர் கொடுத்திருந்தது. அடுத்த ஆண்டே அவரது பேட்டிங் சரிந்தபோது, தடுத்த ரன்களுக்காக இவ்வளவு கொடுக்கலாமா என்ற ஐயம் பல அணிகளுக்கு எழுந்திருக்கக்கூடும்.

கியர்மையரின் பேட்டிங்கைப் பற்றி மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இடக்கை பேட்டர், கால் வேகத்தால் தளங்களைத் திருடுவார், மூன்று தள அடிகள் நிறைய எடுப்பார், 2017-இல் எடுத்த .276 பேட்டிங் சராசரியும் (மட்டைபிடித்த வாய்ப்புகளில் தளத்தை எட்டவைத்த அடிகளின் பங்கு) 15 ஹோம் ரன்களும் அவருடைய உச்சம். மற்ற ஆண்டுகளில் பெரும்பாலும் லீக்கின் பொதுவான அளவுக்கு அருகே அல்லது கீழே. பன்னிரண்டு பருவங்களில் தொட்டு விளையாடி, நூறு ஹோம் ரன்களைக்கூட எட்டாமல், .246 என்ற வாழ்நாள் சராசரியோடு நின்றார். இவ்வளவு சாதாரணமான மட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் தினமும் ஆட வேண்டுமென்றால், அவரது ஃபீல்டிங் அசாதாரணமாக இருந்தாக வேண்டும். அது அசாதாரணமாக இருக்க வேண்டுமென்றால் உடலைக் கொண்டுபோய் மோத வேண்டும்.

அங்கேதான் சிக்கல். 2016 மே மாதம் டெட்ராய்ட்டில் ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்ததில் இடது கை எலும்பு முறிந்து, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வெளியே இருந்தார். 105 ஆட்டங்களே ஆடியும் அவ்வாண்டின் கோல்ட் க்ளவ் அவருக்கே கிடைத்தது. 2017 ஜூனில் முதல் தளத்துக்குச் சறுக்கிச் சென்றபோது வலது இடுப்பெலும்பில் முறிவு. 2018 ஏப்ரலில் தலைமுன்னாகச் சறுக்கியதில் வலது கட்டை விரலின் தசைநார் கிழிந்தது. 2022-இல் இடது இடுப்பில் அறுவை சிகிச்சை, 63 ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. இயற்கைப் புல் இல்லாத, செயற்கைத் தரை விரித்த, கூரை மூடிய, ரேஸ் அணியின் சொந்த மைதானமான டிராபிகானா ஃபீல்டில் ஆண்டுக்கு 81 ஆட்டங்கள் ஓடுவது மூட்டுகளுக்கு நல்லதல்ல என்பது ஆட்டக்காரர்களிடையே நெடுநாளாக உள்ள பேச்சு. (அவரது அண்ணன் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் புல்தரையைப் பேணும் குழுவின் தலைவர் என்பது ஒரு சுவையான தற்செயல்.) 150 ஆட்டங்களுக்கு மேல் அவர் ஆடிய பருவம் 2015 ஒன்றே. சறுக்கலில் வந்த காயங்கள் ஃபீல்டிங்கால் வந்தவையல்ல என்றாலும், இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்: உடலைக் காப்பாற்றிக்கொண்டு ஆடத் தெரியாதவர் அவர். அல்லது, அப்படி ஆடினால் தன்னிடம் விற்க வேறு சரக்கில்லை என்று அறிந்தவர்.

2019-இல் மூன்றாவது கோல்ட் க்ளவ். 2020-இல் ரேஸ் அணி, பருவத்தின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை சென்றது. பெருந்தொற்றால் அத்தொடர் முழுவதும் ஆர்லிங்டனில், அவர் முதலில் களமிறங்கிய மைதானத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழுந்த கூரை மைதானத்தில் நடந்தது. நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒரு ரன் பின்தங்கியிருந்தபோது, மட்டை உடைந்து தெறித்த ஒரு மெல்லிய அடியில் கியர்மையர் முதல் தளத்தை எட்டினார். இரண்டு அவுட்டுகளும் இரண்டு ஸ்ட்ரைக்குகளும் ஆனபின் (மூன்றாவது ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்) சக ஆட்டக்காரர் பிரெட் பிலிப்ஸ் அடித்த பந்தை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் சென்டர் ஃபீல்டர் தடுமாறவிட, கியர்மையர் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன்செய்தார். பின்னால் வந்த ரேண்டி அரோசரேனா வழியில் இடறி விழுந்தும் எழுந்துவந்து வெற்றி ரன்னை எடுத்தார். 8–7. ஃபீல்டிங்கால் பேர்பெற்ற அணிக்கு எதிரணியின் ஃபீல்டிங் பிசகு தந்த வெற்றி அது. தொடரை டாட்ஜர்ஸ் 4–2 என்று வென்றது.

அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 2021 அக்டோபர் 10 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், பதின்மூன்றாவது இன்னிங்ஸில் கியர்மையர் அடித்த பந்து வலப்புறச் சுவரில் பட்டுத் தரையில் விழுந்து, பாஸ்டன் ஃபீல்டர் ஹண்டர் ரென்ஃப்ரோவின் உடலில் மோதிச் சுவருக்கு வெளியே போனது. தானாக வெளியே போயிருந்தால் என்ன விதியோ அதே விதி இதற்கும் என்பதால் இரண்டு தளங்கள் மட்டுமே அளிக்கப்பட்டு, ஓடி ரன் எடுத்துவிட்டிருந்த ரேஸ் ரன்னர் யாண்டி டியாஸ் மூன்றாம் தளத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த இன்னிங்ஸின் மறுபாதியில் பாஸ்டனின் கிறிஸ்டியன் வாஸ்கெஸ் ஹோம் ரன் அடிக்க ஆட்டம் முடிந்தது. விதி சரியாகத்தான் பயன்படுத்தப்பட்டது. ஒரு ஃபீல்டர் அறியாமல் தன் உடலால் ஒரு ரன்னைத் தடுத்துவிட்டார். அதற்கு எந்தக் கணக்கிலும் வரவு இல்லை.

அதே 2021-இன் செப்டம்பரில் டொராண்டோ புளூ ஜேஸ் அணியோடு ஒரு தகராறு. பேட்டர் நிற்கும் முனையான ஹோம் பிளேட்டில் நடந்த மோதலில் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) அலெஹாண்ட்ரோ கிர்க்கின் மணிக்கட்டிலிருந்து விழுந்த குறிப்பு அட்டையைக் கியர்மையர் எடுத்துப்போய்விட்டார்; ரேஸ் பேட்டர்களுக்கு எப்படிப் பந்து போடுவது என்ற திட்டம் அதில் இருந்தது. மேலாளர் வருத்தம் தெரிவித்தபின்னும், இரண்டு நாள் கழித்து டொராண்டோவின் ரயன் போரக்கி வீசிய பந்து கியர்மையரின் முதுகைத் தாக்கியது. 2022 முடிவில் ரேஸ் அணி அவரை விடுவித்தபோது, அவரை 90 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது அதே டொராண்டோதான். அறுவை சிகிச்சை முடிந்த 32 வயதுக்காரரை நம்பி, அதுவரை நடுவில் நின்ற ஜார்ஜ் ஸ்பிரிங்கரை வலப்பக்கம் தள்ளினார்கள். இடப்பக்கத்தில் டால்டன் வார்ஷோ. சென்டர் ஃபீல்டர்களாக இருக்கத் தகுந்த மூவர் ஒரே வெளிப்பரப்பில் நின்ற 2023-இல், கியர்மையர் நான்காவது கோல்ட் க்ளவைப் பெற்றார். 33 வயதில், இடுப்பில் வெட்டுப்பட்டபின், அந்த இடத்தில் அது எளிதான காரியமன்று.

2024-இல் டொராண்டோ மேலும் ஓராண்டுக்கு 1.05 கோடி டாலர் கொடுத்து வைத்துக்கொண்டது. இம்முறை மட்டை கைவிட்டது, சராசரி.200-க்கும் கீழே போனது. ஜூலையில் அணி அவரை வேய்வர் பட்டியலில் போட்டது. மீதமுள்ள ஊதியத்தை ஏற்றுக்கொண்டால் மற்ற 29 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரை அழைத்துக்கொண்டிருக்கலாம், எதுவும் அழைக்கவில்லை. பருவத்தோடு ஓய்வுபெறப் போவதாக அவர் அறிவித்தார். சில நாட்களில், மாற்றத்துக்கான கடைசி நாளான ஜூலை 30 அன்று, 2020-இல் அவரைத் தோற்கடித்த டாட்ஜர்ஸ் அணி அவரைப் பெற்றது. பட்டியலில் கிடந்தபோது வேண்டாதிருந்தவர், ஊதியத்தில் ஒரு பங்கை டொராண்டோ சுமக்கும் என்றானதும் வேண்டியவரானார்.

அக்டோபர் 30 அன்று நியூயார்க் யாங்கீஸை ஐந்தாவது ஆட்டத்தில் வீழ்த்தி டாட்ஜர்ஸ் வேர்ல்ட் சீரிஸை வென்றபோது கியர்மையரின் இடம் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கை வரிசையில். ஆட்டம் கைக்குள் வந்தபின், யாரேனும் ஒருவரின் பேட்டிங்கைத் துறந்து, நடுப்பரப்பைக் காக்க அனுப்புவதற்கென்று ஓர் அணி வைத்துக்கொள்ளும் ஆளாகவே, பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஆர்லிங்டனில் ஒன்பதாவது இன்னிங்ஸில் இறங்கியவர் தன் கடைசிப் பருவத்தை முடித்தார்.